யாரிடமிருந்து மறைக்க வேண்டும்?

இன்டர்நெட்டில் அந்தரங்கத்தைக் காக்க வி.பி.என். என்று ஒரு திரை உண்டு. அதைப் போடப்போன ஒரு தந்தை முதலில் பதில் சொல்ல வேண்டியிருந்தது வேறொரு கேள்விக்கு.

நாக்பூரில் ஏப்ரல் மாத வெயில் காலை 9 மணிக்கே சுடத் தொடங்கிவிடும். அந்தத் தனியார் ஆலையின் கேண்டீனில் கூலர் காற்றுக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அக்கவுன்ட்ஸ் மேனேஜரிடம், கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் வந்து நின்றார். "சார், வீட்டில் யாருக்காவது கைநடுக்கமா?" என்று இந்தியில் கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். ஆனால் மேனேஜரின் கையிலிருந்த டீ தளும்பியது.

அவருக்கு வயது 58. மூன்று வாரங்களுக்கு முன் நரம்பியல் மருத்துவர் ஒருவர் அவருடைய வலது கையைப் பரிசோதித்துவிட்டு, பார்க்கின்சன் நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகளிடமும் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு இரண்டு ஆண்டுகள் ஆலோசகராக வைத்துக்கொள்வதாக நிர்வாகம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. கை நடுங்கும் கணக்காளரை யார் வைத்துக்கொள்வார்கள்? அவர் விஷயத்தைச் சொன்னது செல்போனிடம் மட்டும்தான். மதிய இடைவேளைகளில், ஆபீஸ் வை-ஃபை இணைப்பில், அந்த நோயைப் பற்றி ஒவ்வொரு தளமாகத் தேடிப் படித்தார்.

அந்த இளைஞர் உளவு பார்க்கவில்லை. இன்றைக்குப் பெரும்பாலான இணையதளங்கள் எச்.டி.டி.பி.எஸ். என்ற பூட்டுடன்தான் இயங்குகின்றன. எந்தப் பக்கத்தில் என்ன படித்தோம் என்பது வழியில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தளத்தின் கதவைத் தட்டினோம் என்பது தெரியும். கடித உறைக்குள் இருப்பது தெரியாது, உறை மேல் எழுதிய விலாசம் தெரியும் என்பது போல. விலாசத்திலேயே நோயின் பெயர் இருந்தால் உறையைப் பிரிக்கத் தேவையே இல்லை. ஆபீஸ் நெட்வொர்க்கின் பதிவேட்டில் மேனேஜரின் செல்போனுக்கு எதிரே அந்த விலாசம் 20, 30 முறை வந்திருந்தது. கண்ணில் பட்டது. கேட்டுவிட்டார்.

"தூரத்து உறவுக்காரர் ஒருவருக்கு" என்று சமாளித்துவிட்டு மேனேஜர் தன் அறைக்குத் திரும்பினார். அன்று மாலையே, விளம்பரத்தில் பார்த்த ஓர் இலவச வி.பி.என். செயலியைப் போனில் இறக்கிக்கொண்டார். ஒரே பொத்தான். அழுத்தினால் பச்சை விளக்கு எரிந்து "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்றது. அந்த வாக்கியத்தைப் பார்த்ததும் அவருக்கு வந்த நிம்மதி இரண்டு வாரம் நீடித்தது.

பிறகு ஒவ்வொன்றாகக் கோளாறுகள். வங்கியின் செயலி திறக்க மறுத்தது. போன் சூடானது. எந்தத் தளத்துக்குப் போனாலும் 'நீங்கள் மனிதர்தானா?' என்று கேட்டு, போக்குவரத்து சிக்னல் படங்களைப் பொறுக்கச் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போன இடத்தில் நரம்பியல் மருத்துவமனைகளின் விளம்பரம் வந்து நின்றது. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பிறகு இவர்களுக்கு யார் சொன்னது?

மே தினத்தை ஒட்டி இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு மகள் வந்தபோது, போனை அவளிடம் நீட்டினார். "இதுல இந்த வி.பி.என்.னை ஒழுங்கா செட் பண்ணிக் கொடும்மா. ஒருத்தருக்கும் எதுவும் தெரியக் கூடாது."

"யார்கிட்டேயிருந்து மறைக்கணும்ப்பா?"

"எல்லார்கிட்டேயிருந்தும்தான்."

"அப்படி ஒரு செட்டிங் எதுலயும் கிடையாதுப்பா" என்றாள் மகள்.

அப்பாவுக்கு அது குதர்க்கமாகப் பட்டது. ஆனால் வி.பி.என். பற்றிய பேச்சு எல்லாமே கடைசியில் அந்தக் கேள்விக்குத்தான் வந்து சேருகிறது. 1990களில் இந்தத் தொழில்நுட்பம் பிறந்தது அந்தரங்கத்துக்காக அல்ல; வெளியூரில் இருக்கும் ஊழியர், ஆபீஸ் கம்ப்யூட்டரோடு பத்திரமாகப் பேசுவதற்காக. பொதுச் சாலைக்கு அடியில் தனிச் சுரங்கம் தோண்டுவது மாதிரி. சுரங்கத்தின் ஒரு முனை உங்கள் போனில் இருக்கிறது. மறுமுனை வி.பி.என். கம்பெனியின் சர்வரில். அங்கிருந்துதான் நீங்கள் இன்டர்நெட்டுக்குள் போகிறீர்கள். ஆகவே ஆபீஸுக்கோ தொலைபேசிக் கம்பெனிக்கோ தெரிவது, நீங்கள் சுரங்கத்துக்குள் இறங்கினீர்கள் என்பது மட்டும்தான். எங்கே ஏறினீர்கள் என்பது மறுமுனையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். நேற்றுவரை ஆபீஸை நம்பினீர்கள். இன்று முன்பின் தெரியாத ஒரு கம்பெனியை நம்புகிறீர்கள். ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த ஆள் யார் என்று பார்ப்பதுதான் மகள் செய்த முதல் வேலை. இலவசச் செயலியின் அனுமதிப் பட்டியலைத் திறந்தாள். தொடர்பு எண்கள், இருப்பிடம், போனில் உள்ள படங்கள் என்று எல்லாவற்றுக்கும் அப்பா சம்மதம் கொடுத்திருந்தார். சுரங்கம் தோண்டுவதற்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. கம்பெனியின் விலாசம் எங்கும் காணோம்.

இது விதிவிலக்கு அல்ல. 2016இல் ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்தவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 283 ஆண்ட்ராய்ட் வி.பி.என். செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 சதவீதத்தில் தீங்கு செய்யும் நிரலின் அடையாளம் இருந்தது. 18 சதவீதம் தகவலை மறைகுறியாக்கமே செய்யவில்லை. சுரங்கம் இருந்தது, கூரை இல்லை. 75 சதவீதத்தில் பயனாளரைப் பின்தொடரும் பிறருடைய நிரல்கள் செருகப்பட்டிருந்தன.

பெரிய கம்பெனிகளும் இதில் சளைத்தவை அல்ல. ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய இஸ்ரேலியக் கம்பெனி ஒனாவோ. அது இலவசமாகக் கொடுத்த வி.பி.என். மூலம் மக்கள் போட்டிக் கம்பெனிகளின் செயலிகளை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று ஃபேஸ்புக் கவனித்துவந்தது. 2018இல் ஆப்பிள் அதைத் தன் கடையிலிருந்து வெளியேற்றியது; 2019இல் மூடப்பட்டது. 2023 ஜூலையில் ஓர் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியுடைய இரண்டு துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 'நாங்கள் எதையும் பதிவு செய்வதில்லை' என்று சத்தியம் செய்த ஹாங்காங்கின் யு.எஃப்.ஓ. வி.பி.என்.னின் பதிவேடுகள் 2020 ஜூலையில் பூட்டு இல்லாத சர்வரில் கிடப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

"அப்போ விமர்சனம் படிச்சுப் பார்த்து நல்லதா ஒண்ணு எடு" என்றார் அப்பா.

அதிலும் ஒரு சிக்கல். வி.பி.என்.களுக்கு நட்சத்திரம் போடும் தளங்கள் பல, அவற்றின் விற்பனையில் கமிஷன் பெறுபவை. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கேப் டெக்னாலஜீஸ் கம்பெனிக்கு சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் என்ற வி.பி.என்.கள் சொந்தம். 2021இல் அது எக்ஸ்பிரஸ் வி.பி.என்.னையும் வாங்கியது. அதே ஆண்டு வி.பி.என்.மென்டர் என்ற விமர்சனத் தளத்தை நடத்தும் கம்பெனியும் அதன் கைக்கு வந்தது. பந்தயத்தில் ஓடும் குதிரைகளும் நடுவரும் ஒரே லாயத்தில்.

வாக்குறுதியை வைத்து எடை போட முடியாதென்றால் வேறு எதை வைத்து? சோதனை வந்தபோது என்ன நடந்தது என்பதை வைத்து என்றாள் மகள். ஸ்வீடனின் முல்வாட் கம்பெனியை உதாரணம் காட்டினாள். 2023 ஏப்ரல் 18 அன்று கோத்தன்பர்க் நகரிலுள்ள அதன் அலுவலகத்துக்கு ஸ்வீடன் போலீசார் சோதனை வாரன்ட்டுடன் வந்தார்கள். வாடிக்கையாளர் விவரம் இருக்கும் கம்ப்யூட்டர்களை எடுத்துப்போக வேண்டும் என்றார்கள். அப்படி ஒரு விவரமே சேர்ப்பதில்லை என்று கம்பெனி விளக்கியது. போலீசார் வெறுங்கையோடு திரும்பினார்கள். அங்கே கணக்குத் தொடங்கப் பெயர், இ-மெயில் எதுவும் கேட்பதில்லை. ஓர் எண் தருகிறார்கள். மாதம் 5 யூரோ, ஏறக்குறைய 500 ரூபாய். காசு கட்ட முடியாதவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. ஸ்விட்சர்லாந்தின் புரோட்டான் போன்ற சில கம்பெனிகள், பணம் கட்டும் சந்தாதாரர்களின் வருமானத்திலேயே ஓர் இலவசப் பிரிவை நடத்துகின்றன. எந்தக் கம்பெனியானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவர்களுக்குச் சோறு போடுவது யார்?

அப்பாவுக்கு இன்னொரு கவலை. "இது சட்டவிரோதம் இல்லையே?"

கேள்வி நியாயமானது. இந்தியர்கள் பலருக்கு வி.பி.என். என்ற சொல் அறிமுகமானதே தடைகளின் வழியாகத்தான். 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இன்டர்நெட் துண்டிக்கப்பட்டது. 2020 ஜனவரியில் குறிப்பிட்ட தளங்களை மட்டும் 2ஜி வேகத்தில் பார்க்க அனுமதித்தபோது, மற்றவற்றைப் பார்க்க மக்கள் வி.பி.என்.களை நாடினார்கள், அடுத்த மாதமே போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. ஆனால் நாட்டில் பொதுவாக வி.பி.என். வைத்துக்கொள்வது குற்றம் அல்ல. மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு மட்டும், வெளியார் வி.பி.என்.களைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2022 ஜூனில் வழிகாட்டுதல் தந்தது. கலெக்டர்கள் அவ்வப்போது போடும் உள்ளூர்த் தடைகளும் உண்டு.

கம்பெனிகளின் மீதுதான் அரசின் பிடி இறுகியது. 2022 ஏப்ரல் 28 அன்று, கம்ப்யூட்டர் பாதுகாப்புக்குப் பொறுப்பான சி.இ.ஆர்.டி.-இன் ஓர் உத்தரவு போட்டது. வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளரின் பெயர், விலாசம், தொடர்பு எண், அவருக்குக் கொடுத்த ஐ.பி. முகவரி, எதற்காக வி.பி.என். வாங்குகிறார் என்ற காரணம் ஆகியவற்றை, அவர் சந்தாவை விட்ட பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஊழியர்களுக்காக கம்பெனிகள் வைத்திருக்கும் சொந்த வி.பி.என்.களுக்கு விலக்கு. இஷ்டமில்லாதவர்கள் இந்தியாவை விட்டுப் போகலாம் என்றார் அப்போதைய இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர். எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்ட் ஆகியவை அந்த ஜூனிலும், புரோட்டான் செப்டம்பரிலும் இங்கிருந்த சர்வர்களைக் கழற்றிக்கொண்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், எக்ஸ்பிரஸ் போன்றவற்றின் பட்டியலில் 'இந்தியா' இருந்துகொண்டேதான் இருந்தது. இந்திய முகவரி காட்டும் அந்த சர்வர் நிற்கும் இடம் சிங்கப்பூராகவோ லண்டனாகவோ இருக்கும்.

குற்றவாளிகளைப் பிடிக்க இந்தப் பதிவேடுகள் வேண்டும் என்பது அரசின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வங்கி மோசடிக்காரர்களும் இதே சுரங்கத்தில்தான் ஓடி ஒளிகிறார்கள். ஆனால் ஒரு மோசடிக்காரனுக்காக எழுதப்படும் பதிவேட்டில், கைநடுக்கத்தைப் பற்றிப் படித்த மனிதரின் பெயரும் ஏறிவிடுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்புக்குக் காரணமான வழக்கைத் தொடுத்தவர் பெங்களூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2012இல் வழக்குப் போட்டபோது அவருக்கு வயது 80ஐத் தாண்டியிருந்தது. "வயசானவங்களுக்கு எதுக்கு ரகசியம்னு யாரும் கேட்க முடியாதுப்பா" என்று மகள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

கம்பெனியைத் தேர்ந்தெடுத்தபின் செட்டிங் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. முதலில் சுரங்கத்தின் வகை. பழைய பி.பி.டி.பி. முறை பல ஆண்டுகளுக்கு முன்பே உடைக்கப்பட்டுவிட்டது. எங்கு கண்டாலும் ஒதுக்க வேண்டியது. ஓபன் வி.பி.என். நம்பகமான பழைய ஆள். வயர்கார்டு புதியது. அதன் நிரல் ஏறக்குறைய 4,000 வரிகள்தான் என்பதால் ஓட்டை இருக்கிறதா என்று பிறர் பரிசோதிப்பது சுலபம். 2020இல் லினக்ஸின் மையத்திலேயே சேர்க்கப்பட்டது. பேட்டரியும் குறைவாகத்தான் செலவாகும். மகள் வயர்கார்டை வைத்தாள்.

அடுத்தது, சுரங்கம் இடிந்தால் என்ன ஆகும் என்பது. ரயிலில் போகும்போது சிக்னல் விட்டு விட்டு வரும். வி.பி.என். அறுந்த அந்தச் சில நொடிகளில் போன் சத்தமில்லாமல் பொதுச் சாலைக்குத் திரும்பிவிடும். இதற்குத்தான் 'கில் ஸ்விட்ச்'. ஆண்ட்ராய்டில் வி.பி.என். செட்டிங் பக்கத்தில் பெயருக்கு எதிரே உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் இரண்டு பொத்தான்கள் வரும். வி.பி.என். எப்போதும் ஓடட்டும் என்பது ஒன்று. வி.பி.என். இல்லாவிட்டால் இணைப்பே வேண்டாம் என்பது இன்னொன்று. இரண்டையும் போட்டாள்.

மூன்றாவது கசிவு. தளத்தின் பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் டைரக்டரிக்கு டி.என்.எஸ். என்று பெயர். சுரங்கம் வழியாகப் போய்க்கொண்டே, டைரக்டரியை மட்டும் பழையபடி தொலைபேசிக் கம்பெனியிடம் கேட்டால் விலாசம் வெளியே போய்விடும். அந்த 2016 ஆய்வில் 66 சதவீதச் செயலிகள் இப்படித்தான் கசிந்தன. புது வகை ஐ.பி.வி.6 முகவரிகளில் கசிந்தவை 84 சதவீதம். கசிவைக் காட்டித்தரும் சோதனைத் தளங்கள் உண்டு. வி.பி.என். போட்டுவிட்டு அங்கே போனால் உங்கள் சிம் கம்பெனியின் பெயர் தெரியக் கூடாது. அப்பாவின் போனில் தெரியவில்லை.

வங்கிச் செயலியையும் பணம் அனுப்பும் செயலியையும் சுரங்கத்துக்கு வெளியே விட்டாள். வங்கிக்கு உங்களை எப்படியும் தெரியும், அதனிடம் முகமூடி போட்டுக்கொண்டு போய் எதற்குத் திண்டாட வேண்டும்?

ஆபீஸ் வை-ஃபையைப் போனிலிருந்தே நீக்கினாள். "இதைவிட்டு உங்க சிம்லேயே பார்த்திருந்தா ஆபீஸ்ல யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காதேப்பா. வி.பி.என்.கூட வேண்டியதில்லை." சிம் கம்பெனிக்குத் தெரியும்தான். இணைப்புப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் சிம் கம்பெனி கேண்டீனில் வந்து நலம் விசாரிக்காது. யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்ற கேள்வியின் மதிப்பு அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அந்த விளம்பரம் மட்டும் எப்படி வந்தது?" என்றார்.

அதற்கு வி.பி.என். என்ன செய்ய முடியும்? போனில் கூகுள் கணக்கில் பெயரோடு நுழைந்திருக்கிறார். அந்தப் பெயரிலேயே தேடுகிறார். சுரங்கத்தில் எவ்வளவு மறைந்து போனாலும், கடைக்குள் நுழைந்ததும் விசிட்டிங் கார்டை நீட்டினால் கடைக்காரருக்குத் தெரியாதா? அங்கே வேண்டியது வேறு கருவிகள். கணக்கில் செயல்பாட்டுப் பதிவை நிறுத்த வேண்டும். போனின் விளம்பர அடையாள எண்ணை நீக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசரில் யுபிளாக் ஆரிஜின் என்ற இலவசத் தடுப்பானைப் பொருத்த வேண்டும். இவை எதற்கும் காசு இல்லை. விளம்பரத் தொல்லையைப் பொறுத்தவரை வி.பி.என்.னைவிட இவைதான் அதிகம் உழைக்கின்றன.

சொல்லிக்கொண்டே மகள் கூகுள் கணக்கின் செயல்பாட்டுப் பக்கத்தைத் திறந்தாள். ஒன்றரை மாதத் தேடல்கள் வரிசையாக, தேதியும் நேரமும் போட்டு வந்து நின்றன. வலது கை மட்டும் நடுங்குவது ஏன். பார்க்கின்சன் எத்தனை வருடம். கையெழுத்து சிறியதாவது. நடுக்கத்தை மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைப்பது எப்படி. கடைசித் தேடல் அன்று அதிகாலை 3:40க்கு.

சமையலறையில் டபரா வைக்கும் சத்தம் கேட்டது. மகள் போனைத் தன் மடியில் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாது. சொல்லத்தான் போறேன்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆனா நான்தாம்மா சொல்லணும். எவனோ விளம்பரம் போட்டுச் சொல்லக் கூடாது. ஆபீஸ்ல இருந்து யாரும் போன் பண்ணிச் சொல்லக் கூடாது."

மகள் போனைத் திருப்பி அவரிடம் கொடுத்தாள். அழிக்கும் பொத்தான் திரையில் இருந்தது. அவருடைய விரல் முதல் முறை பக்கத்தில் பட்டது. அவள் கை நீட்டவில்லை. இரண்டாவது முறை சரியாகப் பட்டது. பட்டியல் மறைந்து திரை வெறுமையானது.

மனைவி காபியோடு வந்தார். "ரெண்டு பேரும் அப்படி என்ன ரகசியம் பேசறீங்க?" என்றார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீ கொஞ்சம் உட்காரு, சொல்றேன்" என்றார். மகள் எழுந்து, தன் காபியை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்.